மூடிய ஆஸ்பத்திரியின் மருந்து அலமாரி: திறக்கும் முன்பும் திறந்த பின்பும்

பேரணாம்பட்டுப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் முதன்முதலாகத் திறந்த மருந்து அலமாரியை நானே பாழாக்கினேன். தேக்குச் சட்டம், கண்ணாடிக் கதவு, ஐந்து தட்டு, நூற்றுக்கு மேல் சீசாக்கள். ஒட்டடையும் எலிப்புழுக்கையுமாக இருந்ததைப் பார்த்து மனம் பொறுக்காமல் எல்லாவற்றையும் இறக்கி, வாளித் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, உயரவாரியாகத் திருப்பி அடுக்கினேன். பாதி லேபிள்கள் வாளியிலேயே கரைந்துபோயின. மறுநாள் அங்கே வேலை பார்த்த கம்பவுண்டரை வீட்டிலிருந்து அழைத்து வந்தேன். அவர் அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றார். "எல்லாத்தையும் கலைச்சிட்டீங்களே தம்பி. எது எங்க இருந்துச்சுன்னு பார்த்தாதானே எது எதுக்குன்னு எனக்குச் சொல்ல வரும்" என்றார்.

அன்று புரிந்தது: மருந்து அலமாரியில் ஆவணம் என்பது சீசா மட்டும் இல்லை, சீசா நின்ற இடமும்தான். முப்பது ஆண்டு ஒரே மனிதர் ஒரே அலமாரியில் கை நீட்டி எடுத்திருக்கிறார். எது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, எது பூட்டுக்குள் இருந்தது, எது மேல் தட்டில் தூசி படிந்து கிடந்தது என்பதில் அந்த ஊரின் காய்ச்சலும் பேதியும் பிரசவமும் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த வரிசையைக் கலைக்காமல் காப்பாற்றவும், அந்த வேலையில் உங்கள் உயிரும் உடம்பும் கெடாமல் இருக்கவும்தான்.

நம் வட ஆற்காட்டில், அதாவது வேலூரைச் சுற்றிய வட்டாரத்தில், இப்படிப்பட்ட அலமாரிகள் அதிகம் இருப்பதற்குக் காரணம் உண்டு. ராணிப்பேட்டையில் சைலஸ் ஸ்கடர் 1866-இலேயே ஆஸ்பத்திரி தொடங்கினார். ஐடா ஸ்கடர் வேலூரில் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி, 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையைத் திறந்து, பிறகு சாலையோர மருந்தகங்களுக்கும் கிளம்பினார். அவர் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. காரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. இந்தப் பெரிய மரங்களின் நிழலில் திருச்சபை டிஸ்பென்சரி, பஞ்சாயத்து மருந்தகம், தனி டாக்டரின் பத்துப் படுக்கை ஆஸ்பத்திரி என்று எத்தனையோ முளைத்தன. பிறகு மருத்துவமே மாறியது. காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் போதும் என்று சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வு காட்டியதும் நோயாளிகளைத் தங்கவைத்த சானடோரிய வார்டுகளுக்கு வேலை குறைந்தது. தொழுநோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 1982-இல் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்த பிறகு, ஆண்டுக்கணக்கில் தங்க வேண்டிய வார்டுகள் காலியாயின. பஸ் வசதி வந்ததும் சின்ன டிஸ்பென்சரிக்குப் போனவர்கள் நேரே வேலூருக்கே வந்துவிட்டார்கள். கட்டடத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்கள். அலமாரியை யாரும் காலி செய்யவில்லை.

முதல் படி: சாவி யாரிடம், அனுமதி யாரிடம்

இரண்டும் வேறு வேறு. சாவி பெரும்பாலும் எதிர்வீட்டுக்காரரிடமோ வாட்ச்மேனிடமோ இருக்கும். அவர் அன்போடு திறந்துவிடுவார். அது அனுமதி ஆகாது. திருச்சபைச் சொத்தானால் அதன் சொத்துக் குழுவோ அறக்கட்டளையோ எழுத்தில் தர வேண்டும். அரசுக் கட்டடம் என்றால் மாவட்டச் சுகாதார நிர்வாகத்திடமும், பொறுப்பு பொதுப்பணித் துறையிடம் இருந்தால் அங்கேயும் மனு கொடுங்கள். தனி டாக்டர் நடத்தியது என்றால் வாரிசுகள் அத்தனை பேரின் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் சம்மதித்து இன்னொருவர் சண்டைக்கு வந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன், அது நல்ல அனுபவம் அல்ல. பூட்டை உடைத்து உள்ளே போய்ப் படம் எடுப்பது அத்துமீறல், குற்றம். படம் எவ்வளவு அழகாக வந்தாலும் அந்த வழியில் போகாதீர்கள்.

மனுவில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கட்டும்: எதையும் வெளியே எடுத்துப் போக மாட்டோம், நோயாளிகளின் பெயர் வெளியாகாது, ஆபத்தான பொருள் கண்ணில் பட்டால் உடனே உங்களுக்குத் தெரிவிப்போம். இதில் மூன்றாவது வாக்கியம்தான் பல கதவுகளைத் திறந்திருக்கிறது. உரிமையாளர்களுக்கும் உள்ளே என்ன இருக்கிறதோ என்ற பயம் இருக்கிறது.

இரண்டாம் படி: நாளும் நேரமும் ஆளும்

கத்திரி வெயிலில் போகாதீர்கள். ஓட்டுக்கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் கீழே மூச்சு முட்டும், மூடிய சீசாக்களில் ஆவி அழுத்தமும் ஏறியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை வழுக்கும், பாம்பு உள்ளே ஒதுங்கியிருக்கும். தை, மாசி மாதக் காலை ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரை உத்தமம். மூன்று பேர் போங்கள்: ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத, ஒருவர் கட்டாயமாக வெளியே நிற்க.

முழங்கால் மறைக்கும் பூட்ஸ், முழுக்கைச் சட்டை, நைட்ரைல் கையுறை இரண்டு ஜோடி, என்-95 முகக்கவசம், கண்ணாடி. வௌவால் எச்சத்தூசி நுரையீரலுக்குக் கெடுதல். கைக்குட்டை கட்டினால் போதாது. மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பாதரசம் பட்டால் தங்கம் அதோடு கலந்து வெளுத்துப்போகும். கையில் ஒரு தடி இருக்கட்டும், எங்கே கை வைக்கும் முன்னும் தடியால் தட்டுங்கள். கீழ்த் தட்டின் இருட்டு மூலை கட்டுவிரியனுக்கும் தேளுக்கும் பிடித்த இடம். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் பாம்புக்கடி மருந்து இருக்கிறது என்று முதல் நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எந்த அறைக்குள் போகவே கூடாது

எக்ஸ்ரே அறையைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். மின்சாரம் இல்லாத எக்ஸ்ரே இயந்திரம் கதிர் விடாது. பயப்பட வேண்டியது புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பயன்பட்ட கதிரியக்கப் பொருள்களைக் கண்டுதான். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. ஆஸ்பத்திரி மூடினாலும் அது மூடாது. பிரேசிலின் கோயானியா நகரில் 1987-இல் கைவிடப்பட்ட ஒரு கதிர்ச்சிகிச்சை நிலையத்திலிருந்து இரண்டு பேர் ஒரு கருவியைப் பழைய இரும்புக்கு விற்க எடுத்துப் போனார்கள். உள்ளே இருந்த சீசியம் இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாக இருக்கிறதே என்று அக்கம்பக்கத்தார் தொட்டார்கள், பங்கு போட்டுக்கொண்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள், 249 பேர் மேல் கதிரியக்கம் படிந்திருந்தது. நம் நாட்டில் 2010-இல் டெல்லி மாயாபுரியின் காயலான் கடைக்குக் கோபால்ட் கருவி ஒன்று வந்து சேர்ந்து, அங்கேயும் ஓர் உயிர் போனது.

ஆகவே மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் விசிறிபோல் இருக்கும் குறியையோ, அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயப் பெட்டியையோ பார்த்தால் அந்த நிமிடமே வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். 112-க்குப் பேசுங்கள், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் அவர்கள் வழியாகப் போகும். படம் எடுக்க ஒரு நிமிடம் என்று நிற்காதீர்கள்.

எக்ஸ்ரே பிலிம் கட்டுகள் வேறு வகை ஆபத்து. மிகப் பழைய பிலிம் நைட்ரேட் வகையாக இருக்கலாம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் 1929 மே 15 அன்று இந்தப் பிலிம்கள் எரிந்து கிளம்பிய புகையில் 123 பேர் செத்தார்கள். மோசமாகச் சிதைந்த நைட்ரேட் பிலிம் 40 டிகிரியை ஒட்டிய நீடித்த வெப்பத்திலேயே தானாகத் தீப்பிடிக்கக்கூடும், வேலூர்க் கோடைக்கு அது பெரிய வெப்பமே இல்லை. பிலிம் பழுப்பேறி, ஒட்டிப் பிசுபிசுத்து, நெடி அடித்தால் தொடாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். புளித்த காடி வாசனை மட்டும் வந்தால் அது பிற்கால அசிடேட் பிலிம். தீப்பிடிக்கிற சாதி அல்ல, ஆனால் அழிந்துகொண்டிருக்கிறது. முதலில் அதைப் படமெடுங்கள்.

நான்காம் படி: கண்ணாடிக்கு வெளியே நின்று அலமாரியைப் படியுங்கள்

சன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் வெளியே உட்காருங்கள். பிறகு உள்ளே போய், அலமாரிக் கதவைத் திறக்காமல், டார்ச் அடித்துக் கீழ்க்கண்டவற்றைத் தேடுங்கள். இந்தப் படியில் அவசரப்பட்டால் மற்ற படிகளுக்கு நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

பிக்ரிக் அமிலம்: பளிச்சென்ற மஞ்சள் தூள் அல்லது படிகம். தீக்காயத்துக்கும், சிறுநீரில் ஆல்புமின் பார்க்கும் எஸ்பாக் கரைசலுக்கும் பயன்பட்டது. ஈரமாக இருக்கும்வரை சாது. காய்ந்தால் வெடிமருந்து, மூடியைத் திருகும்போது ஏற்படும் உராய்வே போதும். உலோக மூடியோடு சேர்ந்தால் இன்னும் மோசம். மூடியைச் சுற்றி மஞ்சள் பொருக்கு தெரிந்தால் அந்த அலமாரியை யாரும் அசைக்கக்கூடாது. போலீசுக்குச் சொன்னால் வெடிகுண்டு அகற்றும் பிரிவினர் வருவார்கள்.

ஈதர்: மயக்க மருந்து. காற்றுப் பட்ட ஈதரில் நாளாக ஆகப் பெராக்சைடு சேரும். மூடியருகே படிகம் தெரிந்தால் அதுவும் வெடிக்கும். குளோரோபார்ம் வெளிச்சமும் காற்றும் பட்டு பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகச் சிதையும். இரண்டையும் முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க நினைக்காதீர்கள். பொதுவாகவே எந்தச் சீசாவையும் முகராதீர்கள், திறக்காதீர்கள்.

பாதரசம்: ஒரு தெர்மாமீட்டரில் ஒரு கிராம் அளவுதான். ஆனால் பழைய ரத்த அழுத்தப் பெட்டியில் நூறு கிராமை ஒட்டி இருக்கும். தட்டின் இடுக்கில் வெள்ளி மணிகளாக உருண்டு கிடந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், அது இன்னும் நுணுகிப் பரவும். அறையைக் காற்றாட விட்டு, இரண்டு கெட்டி அட்டைகளால் ஒதுக்கிச் சேர்த்து, சிறிது தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள்.

விஷங்கள்: வரி வரியாகவோ பட்டை பட்டையாகவோ மேடு வைத்த நீல, பச்சைச் சீசாக்கள். இருட்டில் தடவினாலும் கைக்கு 'இது விஷம்' என்று தெரியட்டும் என்று அப்படிச் செய்தார்கள். ஆர்சனிக் கலந்த ஃபவுலர் கரைசல், ஸ்டிரிக்னின், ரசகர்ப்பூரம் எல்லாம் அந்தக் காலத்து மருந்துகளே.

அபினும் மார்பினும்: பூட்டிய சின்ன உள்ளறையில் இருக்கும். அபின் டிங்சர், மார்பின், பெத்திடின் ஆம்பியூல்களை அனுமதி இல்லாமல் கையில் வைத்திருப்பதே 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி குற்றம். நீங்கள் எடுத்து ஒப்படைக்க வேண்டாம். இருக்கும் இடத்திலேயே விட்டு, உரிமையாளர் கையெழுத்தோடு மருந்து ஆய்வாளருக்கு எழுதுங்கள்.

இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைய வேலை கண்ணாடிக்கு வெளியிலிருந்து படம் எடுப்பதோடு முடிந்தது. நான் ஒருமுறை பிக்ரிக் சீசாவுக்காக ஏழு வாரம் காத்திருந்தேன். அலமாரி அதற்கு முன் பல வருடம் காத்திருந்தது, எனக்கென்ன அவசரம்?

ஐந்தாம் படி: வரிசையை எழுதுவது

இதுதான் மைய வேலை. மேல் தட்டு 'அ', அடுத்தது 'ஆ', இப்படியே கீழே வரை. ஒவ்வொரு தட்டிலும் இடமிருந்து வலமாக எண். பின்வரிசை இருந்தால் எண்ணுக்குப் பின்னால் 'பி'. 'இ-4' என்றால் மூன்றாம் தட்டில் நான்காம் பொருள், முன்வரிசை. சீசாவிலோ லேபிளிலோ எதையும் எழுதாதீர்கள், ஒட்டாதீர்கள். சின்ன அட்டையில் பென்சிலால் எழுதிப் பருத்தி நூலால் கழுத்தில் தொங்கவிடுங்கள். பேனா மை கசியும், செல்லோடேப் பத்து வருடத்தில் மஞ்சள் கறையாகும்.

படம் எடுக்கும் ஒழுங்கு இது. முதலில் அறை முழுவதும் நான்கு மூலையிலிருந்து. பிறகு அலமாரி நேர்முகமாக, முக்காலியில் வைத்து. பிறகு ஒவ்வொரு தட்டும், ஒன்றின் விளிம்பு அடுத்த படத்தில் வருமாறு. கடைசியாக ஒவ்வொரு சீசாவும், பக்கத்தில் ஒரு ஸ்கேலும் எண் அட்டையும் தெரிய. பிளாஷ் வேண்டாம், கண்ணாடியில் பட்டு எழுத்தை விழுங்கிவிடும். வெள்ளை வேட்டியைச் சன்னலில் கட்டினால் வரும் வெளிச்சத்துக்கு ஈடு இல்லை.

குறிப்பேட்டில் இடம், பொருள், கண்ணாடியின் நிறம், லேபிளில் உள்ளது உள்ளபடி, உள்ளே இருப்பது திடமா திரவமா, எவ்வளவு மீதி, சேதம் என்று வரிசையாக எழுதுங்கள். 'எவ்வளவு மீதி' என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் பேசும். ஒரு சீசா முக்கால் நிறைந்து, பக்கத்தில் அதே மருந்தின் காலிச் சீசா மூன்று இருந்தால், அது ஓடிய மருந்து. மூடி மெழுகு உடையாமலே இருப்பது, யாரோ மேலிடத்திலிருந்து அனுப்பி இங்கே யாருக்கும் தேவைப்படாதது.

தொழுநோய்க்கு மருந்து கொடுத்த ஓர் இடத்தில் ஒரே தட்டில் இரண்டு காலத்தைப் பார்த்தேன். பின்வரிசையில் நீரடிமுத்து எண்ணெய், ஊசி போடக் கொடுத்தது. முன்வரிசையில் டாப்சோன் மாத்திரை டப்பாக்கள். அந்த எண்ணெய் ஊசியின் வலியை நோயாளிகள் பொறுத்துக்கொண்டார்கள். 1940-களில் டாப்சோன் வகையைச் சேர்ந்த சல்ஃபோன் மருந்துகள் வந்தபின் எண்ணெய் பின்னுக்குப் போனது. யாரும் அதைத் தூக்கி எறியவில்லை, ஒரு சாண் பின்னால் தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு சாண் இடைவெளியைக் கழுவிய சீசா எனக்குச் சொல்லியிருக்காது.

வெற்றிடத்தையும் எழுதுங்கள். தூசிக்கு நடுவே சுத்தமான வட்டம் தெரிந்தால் அங்கே ஏதோ இருந்து, பிற்பாடு எடுக்கப்பட்டிருக்கிறது. அதன் விட்டத்தை அளந்து அதற்கும் ஓர் எண் கொடுங்கள். ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு டிஸ்பென்சரியில் 'இ-4'-க்கும் அடுத்த சீசாவுக்கும் நடுவே, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டக் கறைகள் இருந்தன. வெளிவட்டம் தண்ணீர் காய்ந்த தடம்போல் வெளுத்திருந்தது. இன்னது என்று தெரியாமலே 'இ-5, வெற்றிடம், இரட்டை வட்டம்' என்று எழுதி, அந்தச் சீசாவுக்கு 'இ-6' கொடுத்து நகர்ந்தேன்.

ஆறாம் படி: லேபிளை வாசிப்பது, வயதைக் கணிப்பது

பழைய லேபிள்கள் லத்தீன் சுருக்கெழுத்தில் இருக்கும். 'மிஸ்ட்' என்றால் மிக்சர், 'டிங்க்ட்' டிங்சர், 'புல்வ்' பொடி, 'உங்' களிம்பு, 'லிக்' கரைசல், 'சிர்' சிரப், 'ஆக்' தண்ணீர். 'கோ' என்று முடிந்தால் கூட்டு மருந்து. அளவில் ஒரு பொறி இருக்கிறது: 'ஜி.ஆர்.' என்பது கிராம் அல்ல, கிரெயின். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம்தான். மூன்று என்ற எண்ணைப்போல் சுழித்த குறி திரவத்துக்கு எழுதியிருந்தால் ஒரு டிராம், சுமார் மூன்றரை மில்லி. அதற்கு மேல் இன்னொரு சுழி இருந்தால் அவுன்ஸ், எட்டு டிராம். டிராமுக்கு அறுபது மினிம்.

வயதைக் கணிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், லேபிளில் உள்ள அற்பமான விவரங்கள் போதும். விலை ரூபாய், அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. நயா பைசா என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. 'மெட்ராஸ் ஸ்டேட்' என்றால் 1969 சனவரிக்கு முன் அச்சடித்தது. மருந்தின் பெயருக்குப் பின்னால் 'பி.பி.' இருந்தால் பிரிட்டிஷ் மருந்து நூலின் தரம், 'ஐ.பி.' என்றால் இந்திய மருந்து நூலின் தரம், அதன் முதல் பதிப்பு 1955-இல்தான் வந்தது. ரப்பர் ஸ்டாம்பைப் பாருங்கள்: வெறும் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றிருந்தால் பெரும்பாலும் 1989-க்கு முன்; 'அம்பேத்கர்' பெயரும் சேர்ந்திருந்தால் திருவண்ணாமலை பிரிந்த பிறகு. ஸ்டாம்பைப் புதிதாகச் செய்ய ஆஸ்பத்திரிகள் அவசரப்படாது, அதனால் ஒரே தடயத்தை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாருங்கள். வார்ப்புக் கோடு சீசாவின் வாய் விளிம்பு வரை ஏறியிருந்தால் அது இயந்திரத்தில் செய்தது, இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு.

மை மங்கியிருந்தால் தண்ணீரோ எண்ணெயோ தொட்டுப் பார்க்காதீர்கள். டார்ச்சை ஓரத்திலிருந்து சாய்த்து அடித்துப் படமெடுங்கள், பேனா அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். பழுப்பேறிய பழைய இரும்பு மையானால், படத்தைக் கணினியில் திறந்து நீல நிற அடுக்கை (புளூ சேனல்) மட்டும் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். கண்ணுக்கு மறைந்த எழுத்து பலமுறை எழுந்து வந்திருக்கிறது. புற ஊதா டார்ச்சும் உதவும், ஆனால் சில விநாடிகள் மட்டும்.

சில சீசாக்களின் பக்கவாட்டில் படிக்கட்டுப்போல் வெட்டிய காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். அது வேளைக்கு இவ்வளவு என்று கம்பவுண்டர் கத்தரியால் வெட்டி ஒட்டிய அளவுகோல். படிக்கத் தெரியாத தாய், ஒரு படி இறங்கும் வரை ஊற்றிக் கொடுத்தால் போதும். அதை ஒட்டுப்போன காகிதம் என்று உரித்துவிடாதீர்கள்; என் கணக்கில் அந்த அலமாரியின் மிக மதிப்பான பொருள் அதுதான்.

ஏழாம் படி: பெயர்கள்

மேசை இழுப்பறையில் நோயாளிப் பதிவேடு இருக்கும். திறந்து வாசிக்கும் ஆசை வரும். தொழுநோய், காசநோய், பால்வினை நோய், கருக்கலைப்பு ஆகியவற்றின் பக்கங்களில் உள்ள பெயர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இதே தாலுக்காவில் இருக்கிறார்கள். தொழுநோயாளிகளை ஒதுக்கிவைத்த 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் 2016-இல்தான் நீக்கியது. மனதில் உள்ள ஒதுக்கல் இன்னும் போகவில்லை. பதிவேட்டின் அட்டை, ஆண்டு, பத்தித் தலைப்புகள், பக்க எண்ணிக்கை இவற்றை மட்டும் எழுதுங்கள். படம் எடுத்தால் பெயர்ப் பத்தியின் மேல் வெள்ளைக் காகிதம் வைத்து எடுங்கள். பிறகு கணினியில் மறைத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், பிறகு மறந்துபோகும்.

வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டைத் தாண்டினாலும், பொருள் 100 ஆண்டைத் தாண்டினாலும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அதற்குப் பொருந்தக்கூடும். பழைய தேக்கு சாமான் வாங்க வருபவர்களிடம் உரிமையாளர் பேசும் முன் இதைச் சொல்லிவையுங்கள்.

எட்டாம் படி: சுத்தம், பராமரிப்பு, அப்புறப்படுத்தல்

பதிவு முழுவதும் முடிந்து, இரண்டு இடத்தில் நகல் வைத்த பிறகே துடைப்பு. மென்மையான ஓவியத் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசி தட்டுங்கள். கண்ணாடியின் வெறும் பகுதியை மட்டும், பிழிந்த பருத்தித் துணியால். லேபிளை நெருங்க வேண்டாம். எனாமல் தட்டு, அவுன்ஸ் கிளாஸ், மருந்துத் தராசு, கல்வம் எல்லாம் உலர்ந்த துணியோடு போதும். துருவைச் சுரண்டாதீர்கள். கண்ணாடி ஊசிக்குழலில் பழைய ஊசி மாட்டியிருந்தால் கழற்ற முயலாதீர்கள். பதிவேட்டில் ராமபாணப் பூச்சி அரித்திருந்தால் காற்றாடும் நிழலில் வைத்து, அமிலம் இல்லாத காகிதத்தில் பொதிந்து, சுவரை ஒட்டாமல் மரப்பலகை மேல் அடுக்குங்கள். லேமினேஷன் செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். செய்யவே கூடாது, திரும்ப எடுக்க முடியாது.

உள்ளே இருக்கும் மருந்தைச் சாக்கடையிலோ பாலாற்று மணலிலோ கொட்டாதீர்கள். தோல் கழிவால் அந்த ஆறு பட்டது போதும். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி காலாவதி மருந்து மஞ்சள் பையிலும், உடைந்த கண்ணாடியும் ஆம்பியூலும் நீலக் குறியிட்ட பெட்டியிலும், ஊசியும் பிளேடும் குத்தினாலும் துளைக்காத வெள்ளைப் பெட்டியிலும் சேர்ந்து, அங்கீகாரம் பெற்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். இயங்குகிற ஓர் ஆஸ்பத்திரியின் நிர்வாகி மூலம் கேட்டால் வழி பிறக்கும். சீசாவைக் காலி செய்வதும் அவர்கள் வேலையே, நம் வேலை அல்ல. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் பாதரசத்துக்குத் தனியாகக் கேளுங்கள்.

அலமாரியை எங்கே வைப்பது? முடிந்தால் இருந்த இடத்திலேயே. கட்டடம் இடியப்போகிறது என்றால் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்திடமோ, பழைய பொருள்களைப் பேணும் மருத்துவக் கல்லூரியிடமோ முதலில் உங்கள் குறிப்பேட்டைக் காட்டிப் பேசுங்கள். குறிப்பேடு இல்லாத அலமாரி அவர்களுக்கு ஒரு மரச்சாமான் மட்டுமே.

கடைசிப் படி: படத்தை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள்

தட்டுகளின் படங்களைப் பெரிதாக அச்செடுத்து, அங்கே வேலை செய்தவர்களைத் தேடிப் போங்கள். கம்பவுண்டர், நர்ஸ், தோட்டக்காரர், சமையல்காரர் யாராயினும் சரி. ஆயாக்களை விட்டுவிடாதீர்கள். தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைத்தவர்கள் அவர்கள்தான். கேள்வி கேட்டு அவசரப்படுத்தாமல், படத்தை மடியில் வைத்து விரல் போகும் வழியைப் பாருங்கள். அனுமதி கேட்டுப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், என் பட்டியலில் இருந்த இரண்டு பேரைப் பார்க்கப் போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது.

ஒடுகத்தூர் டிஸ்பென்சரியின் ஆயாம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். மூன்றாம் தட்டின் படத்தைக் கொடுத்ததும் விரல் 'இ-1'-இலிருந்து நகர்ந்தது. "இது வயித்துக்கடுப்புக்கு. இது சொறி மருந்து. இது கொய்னா மிக்சர், வாயில வெச்சா உசுரு போற கசப்பு." பிறகு விரல் இரட்டை வட்டத்தில் நின்றது.

"இங்க இருந்தத எடுத்துட்டாங்களா?"

"இன்னா இருந்துச்சு ஆயாம்மா?"

"தேன் சீசா கண்ணு. கொய்னா குடிச்ச புள்ளைங்க அழுவுதுங்கன்னு கம்பவுண்டரு ஜவ்வாது மலையில இருந்து வாங்கியாந்து வெப்பாரு. எறும்பு ஏறாம கீழ சாசர்ல தண்ணி ஊத்துறது என் வேல. ஆஸ்பத்திரி கணக்குல வராது அது, அவரு சொந்தக் காசு."

குறிப்பேட்டை எடுத்து 'இ-5'-க்கு எதிரே 'தேன், ஜவ்வாது மலை, அடியில் தண்ணீர் சாசர், கம்பவுண்டரின் சொந்தக் காசு. சொன்னவர் ஆயாம்மா' என்று எழுதித் தேதி போட்டேன்.